கோயிலை விட்டு விலக நினைக்கும் கத்தோலிக்கருக்கு: எங்கே தொடங்குவது, எதில் அவசரப்படக் கூடாது

ஞாயிறு காலை இரண்டாம் மணியும் அடித்துவிட்டது, நீங்கள் இன்னும் படுத்திருக்கிறீர்கள். சோம்பல் கிடையாது. விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் நின்றுபோய் மாதக்கணக்காகிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தால் அம்மா என்ன ஆவாள் என்ற நினைப்பே வயிற்றைப் பிசைகிறது. அப்படி இருக்கும் ஒருவரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். விசுவாசம் உறுதியாக இருப்பவர்களை அசைத்துப் பார்ப்பது என் வேலை இல்லை, அவர்கள் நிம்மதியாக இருக்கட்டும்.

நான் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். பிறந்த எட்டாம் நாள் ஞானஸ்நானம், மூன்றாம் வகுப்பில் புது நன்மை என்னும் முதல் நற்கருணை, அப்புறம் ஆறு வருடம் பீடச்சிறுவன். எங்கள் கரையில் 1530களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள், 1542இல் சவேரியார் வந்தார், ஆக ஐந்நூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கோயிலும் ஊரும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. நமக்கு இது இவ்வளவு கஷ்டமாக இருப்பதற்குக் காரணமே அதுதான். நம்பிக்கை போனால் ஊர், சொந்தம், கல்யாணம், கடைசியில் கல்லறை வரைக்கும் எல்லாம் கூடவே போய்விடும் என்று பயப்படுகிறோம். அப்படிப் போக வேண்டியதில்லை என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஆனால் வெட்டக் கூடாது, சிக்கு விழுந்த வலையைப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு இழையாகப் பிரிக்க வேண்டும். எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது.

முதல் படி: உங்களிடமிருந்து போனது எது?

ஒரு நோட்டை எடுத்து மூன்று பக்கத்தில் மூன்று தலைப்பு எழுதுங்கள்: கடவுள், திருச்சபை, ஊர். மனதை அரிக்கிற ஒவ்வொன்றையும் அது எந்தப் பக்கத்தில் சேரும் என்று பார்த்து எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், இரண்டு மூன்று மாதம் ஆகட்டும். பங்குச்சாமியாரோடு சண்டை, திருவிழாக் கணக்கில் தகராறு, இதெல்லாம் ஊர்ப் பக்கம். பெண்கள் ஏன் குருவாக முடியாது, கருத்தடை ஏன் பாவம் என்பவை திருச்சபைப் பக்கம். செபிக்கும்போது அந்தப் பக்கம் யாரும் கேட்பதாகவே தோன்றவில்லை என்றால் அது கடவுள் பக்கம். எந்தப் பக்கம் நிரம்புகிறதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்து செய்ய வேண்டியது இருக்கிறது. ஊர்ப் பக்கம் மட்டும் நிரம்பியவர் வேறு பங்குக்குப் போனாலே பாதி தீர்ந்துவிடும்.

சாதி இந்த மூன்று பக்கத்திலும் வரும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கரின் குழிகளைப் பிரிக்கும் சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008 மார்ச்சில் எறையூரில் சாதிப் பிரச்சினை துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு உயிர் போயிற்று. இதைப் பார்த்து வெளியேறியவர்களையும் எனக்குத் தெரியும், உள்ளே இருந்துகொண்டே இன்றுவரை போராடுகிறவர்களையும் தெரியும். இரண்டும் நியாயமான வழிதான், யாரும் உங்களை இதில் அவசரப்படுத்த விடாதீர்கள்.

சிறுவயதில் குருவாலோ வேறு யாராலோ உங்களுக்குத் தீங்கு நடந்திருந்தால், அதை விசுவாசப் பிரச்சினையாக நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். அது குற்றம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது, இப்போது ஒரு குழந்தைக்கு நடந்துகொண்டிருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. முதலில் நம்பகமான ஒரு வழக்கறிஞரையும் மனநல ஆலோசகரையும் பாருங்கள், கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என் நோட்டில் முதல் வரி என் ஆச்சியைப் பற்றியது. அவளுக்கு முதல் பிள்ளை பெண், பிறந்து மூன்றாம் நாள் இறந்துவிட்டது, அதற்குள் ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. மந்திரித்த மண்ணில் புதைக்க முடியாது என்று கல்லறைச் சுவருக்கு வெளியே மணலில் புதைத்தார்களாம். ஆச்சி தினமும் சாயங்காலம் முழங்காலில் நின்று, 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்று பழைய பாஷையில் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி இன்னொரு மணி உருட்டுவாள். அது அந்தப் பிள்ளைக்கு. மோட்சமும் இல்லாமல் நரகமும் இல்லாமல் நடுவில் லிம்போ என்ற இடத்தில் அது இருக்கிறது என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அறுபது வருடம் அந்த நினைப்போடு இருந்து செத்துப்போனாள். 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணையம், ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப நல்ல காரணங்கள் இருக்கின்றன, லிம்போ என்பது எந்தக் காலத்திலும் கட்டாயமான விசுவாசமாக இருந்ததில்லை என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. அதைப் படித்த அன்று எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. ஆச்சியிடம் இதை யார் போய்ச் சொல்வது என்றுதான் நினைத்தேன், அழுதேன்.

இரண்டாம் படி: பயத்தோடு பழகுவது

புத்தி விட்டாலும் உடம்பு விடாது. கோயிலைக் கடக்கும்போது கை தானாக நெற்றிக்குப் போகும், இடி இடித்தால் செபம் வாய்க்கு வரும், ஞாயிறு பூசைக்குப் போகாமல் படுத்தால் இரவு பன்னிரண்டு மணிக்கு 'இது சாவான பாவம், இன்றைக்குச் செத்தால்?' என்று நெஞ்சு படபடக்கும். இது நீங்கள் உள்ளுக்குள் இன்னும் நம்புகிறீர்கள் என்பதற்கு அடையாளம் இல்லை, ஏழு வயதில் ஏற்றிவைத்த பயம், அது இறங்க நாளாகும். கை நெற்றிக்குப் போனால் போகட்டும். வலுக்கட்டாயமாகத் தடுத்தவர்களுக்குத்தான் அதிக நாள் ஆகிறது.

திருச்சபையின் சொந்தப் போதனையே நமக்கு மறைக்கல்வி வகுப்பில் சொன்னதைவிட எவ்வளவோ இடம் கொடுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேண்டுமென்றே செய்யும் சந்தேகம் வேறு, தானாக வரும் சந்தேகம் வேறு என்று 1992இல் வெளியான மறைக்கல்வி நூலே பிரித்துச் சொல்கிறது. தன் மனசாட்சியின் உறுதியான தீர்ப்புக்கு மனிதன் கீழ்ப்படிய வேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மதச் சுதந்திரம் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே கொடுத்தது. யாரையும் அவர் மனசாட்சிக்கு எதிராகக் கத்தோலிக்க விசுவாசத்துக்குள் வற்புறுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 748 சொல்கிறது. ராத்திரி பயம் வரும்போது இதெல்லாம் எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது. பயம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிற அளவுக்குப் போனால், ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப எண்ணி எண்ணிக் குமைகிற நிலை வந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அது தெரிந்த பிரச்சினைதான், குணமாக்க வழி இருக்கிறது.

மூன்றாம் படி: கொஞ்ச நாள் வாயைத் திறக்காதீர்கள்

சந்தேகம் வந்த வேகத்தில் வாட்சாப் குரூப்பில் எழுதிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். உங்களுக்கே இன்னும் தெளிவு வரவில்லை, அதற்குள் ஊர்வாய்க்கு அவல் கொடுத்தால் அதற்குப் பிறகு நீங்கள் யோசிக்க முடியாது, வாதாடத்தான் முடியும்.

இன்னொன்று, இது முக்கியம். நீங்கள் ஆட்டம் கண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் இரண்டு பக்கமிருந்தும் ஆள் வரும். ஒரு பக்கம் பெந்தெகொஸ்தே சபைக்காரர், மாதா சுரூபத்தை விட்டுவிட்டு எங்களோடு வாருங்கள் என்பார். இன்னொரு பக்கம் தாய்மதத்துக்குத் திரும்புங்கள் என்று ஒருவர் வருவார். இருவரும் அன்பாகத்தான் பேசுவார்கள். ஒரு வருடத்துக்கு எதிலும் சேர மாட்டேன் என்று உங்களுக்கு நீங்களே வாக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வருடத்துக்குப் பிறகும் அந்த நம்பிக்கை உங்களை இழுத்தால் தாராளமாகப் போங்கள்.

பேச ஓர் ஆள் மட்டும் வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கும் பழைய சிநேகிதர் நல்லது. குருவிடம் பேசலாமா என்று கேட்பார்கள். பேசலாம், நான் பேசினேன், வேறு மறைமாவட்டத்தைச் சேர்ந்த வயதான ஒரு சாமியார், இரண்டு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார், திரும்பி வா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் சொந்தப் பங்கில் வேண்டாம், அங்கே சாமியாருக்கும் தர்மசங்கடம், உங்களுக்கும் தர்மசங்கடம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னது வெளியே போகாது, அது சட்டம், அதற்காக நம்பாமலே அங்கே போய் முழங்காலில் நிற்காதீர்கள். ஒரு நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்து பேசுங்கள்.

நான்காம் படி: எதை முதலில் நிறுத்துவது

முதலில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதை நிறுத்துங்கள். பூசைக்குப் போகலாம், பாட்டுப் பாடலாம், எழுந்து நிற்கலாம், உட்காரலாம், அதிலெல்லாம் பொய் இல்லை. ஆனால் 'கிறிஸ்துவின் உடல்' என்று குரு சொல்லும்போது 'ஆமென்' என்பது ஒரு வாக்கு, நம்பாமல் அதைச் சொன்னால் அவர்களையும் ஏமாற்றுகிறோம், நாமும் உள்ளே அறுந்துபோகிறோம். வரிசை வரும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்து, மற்றவர்கள் போக முழங்காலை ஒருபக்கமாகத் திருப்பிக் கொடுங்கள். முதல் வாரம் எல்லோரும் பார்ப்பதாகத் தோன்றும். மூன்றாம் வாரம் பக்கத்தில் இருப்பவர் தானாகவே சுற்றிக்கொண்டு போவார். ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால் 'ஆயத்தமா இல்ல' என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை, நம் ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது பொறுப்புகள். மறைக்கல்வி ஆசிரியராக இருந்தால் அதைத்தான் சீக்கிரம் விட வேண்டும், பிள்ளைகளுக்கு நம்பாததைச் சொல்லிக்கொடுப்பது மனதை மிகவும் கெடுக்கும். வருட நடுவில் விட்டுவிட்டு ஓடாமல் தேர்வு முடிந்ததும் விலகுங்கள். பாடகர் குழுவை விட அவசரமே இல்லை. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டம் உங்கள் வீட்டு முறை வரும்போது அம்மா அப்பாவுக்காக நாற்காலி போடுங்கள், டீ கொடுங்கள், வாசகம் வாசிப்பதை மட்டும் வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஞானத்தந்தையாக, ஞானத்தாயாக நிற்கக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்கிறேன் என்று கோயிலில் சொல்லும் இடம் அது. ஆனால் மறுத்த கையோடு பிள்ளைக்கு ஒரு மோதிரத்தை வாங்கிக்கொண்டு விருந்துக்குப் போங்கள், மறுத்தது பிள்ளையை இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஐந்தாம் படி: வீட்டில் சொல்வது

திருவிழா நேரத்தில் சொல்லாதீர்கள், தவக்காலத்தில் சொல்லாதீர்கள், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது சொல்லவே சொல்லாதீர்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு என்ன கெட்டது நடந்தாலும் உங்கள் தலையில்தான் விழும். ஒருவரிடம் மட்டும், தனியாக, சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொல்லுங்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள். சிலுவைப்போர், வத்திக்கான் சொத்து என்றெல்லாம் ஆரம்பித்தால் அது வாதம், அம்மா வாதத்துக்கு வரவில்லை. 'எனக்கு நம்பிக்கை வரலம்மா, ரொம்ப நாளா முயற்சி பண்ணிட்டேன், உங்ககிட்ட நடிக்கப் பிடிக்கல' என்றால் போதும்.

என் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, 'நான் எங்கயாவது தப்பா வளத்துட்டேனா' என்று கேட்டாள். இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள், நான் தயாராகப் போகவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது என்று நீங்கள் வளர்த்ததால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் எனக்காக நவநாள் வைத்தாள், தலையணைக்குக் கீழே உத்தரியம் என்னும் மந்திரித்த துணியை வைத்தாள். வைக்கட்டும். அதை எடுத்துப்போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். அவளுக்குத் தெரிந்த அன்பு அந்த வடிவத்தில் வருகிறது.

ஆறாம் படி: காகிதங்கள்

முறைப்படி பெயரை வெட்டிவிட்டு வர வழி உண்டா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. ஞானஸ்நானம் அழியாத முத்திரை என்பது போதனை, அதனால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க மாட்டார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் திருமணம் தொடர்பான மூன்று விதிகளில் மட்டும் 'முறையாக வெளியேறியவர்' என்று ஒரு பேச்சு இருந்தது, அதையும் 2009இல் பதினாறாம் பெனடிக்ட் எடுத்துவிட்டார். விசுவாசத்தை முழுதாகக் கைவிட்டவர் தானாகவே திருச்சபை விலக்கத்துக்கு உள்ளாகிறார் என்று சட்டம் 1364 சொல்கிறது, அதற்காக உங்கள் வீட்டுக்குக் கடிதம் எதுவும் வராது. ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்களுக்கு மட்டும் கதை வேறு, அங்கே அரசே சம்பளத்தில் திருச்சபை வரி பிடிப்பதால் அரசு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து வெளியேறுகிறார்கள். இங்கே நாம் சும்மா விலகினாலே விலகியதுதான்.

ஆனால் அரசுக் காகிதங்களில் கை வைக்கும் முன்னால் நன்றாக யோசியுங்கள். பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதம் எழுதாமல் விடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973இலேயே ஆணை போட்டது. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 'சாதி இல்லை, மதம் இல்லை' என்று வட்டாட்சியரிடம் சான்றிதழே வாங்கினார். மரியாதைக்குரிய முடிவு. ஆனால் இடஒதுக்கீட்டை நம்பிப் படிக்கும் பிள்ளையோ வேலைத் தேர்வு எழுதுபவரோ இதைப் பார்த்து உணர்ச்சிவசப்படக் கூடாது. தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்: 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்தர்களுக்கு மட்டும்தான், கோயிலை விட்டு விலகியதால் மட்டும் அது திரும்ப வராது. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ விசுவாசத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே ஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

கத்தோலிக்கக் கல்லூரியில் சிறுபான்மை இடம் கேட்கும்போது பங்குச்சாமியாரின் கடிதம் கேட்பார்கள், மறைமாவட்டப் பள்ளியில் வேலை செய்பவருக்கு நிர்வாகத்தின் முகம் முக்கியம். சோறு போடும் இடம் என்றால் உங்கள் விசுவாசத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், அதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை.

பெயரை மாற்ற வேண்டுமா? எனக்குத் தோன்றவில்லை. பெர்னாண்டோ, மச்சாது, ரோட்ரிகோ என்ற பெயர்கள் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து நம் கரையில் நிற்கின்றன. அது கோயிலின் வரலாறு மட்டும் இல்லை, என் தாத்தாவின் வரலாறும்தான்.

ஏழாம் படி: கல்யாணம், பிள்ளை

சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1967இல் அதைச் சட்டமாக்கியது இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு, அது இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு. நமக்கு நேரான வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும், பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும். அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டுவார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆகவே வீட்டுக்குத் தெரியாமல் செய்வதாக இருந்தால் அந்த 30 நாளையும் மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள்.

நீங்கள் மணக்கப்போகிறவர் கத்தோலிக்கர், கோயிலில்தான் தாலி ஏற வேண்டும் என்கிறார் என்றால் பொய் சொல்லி உள்ளே போக வேண்டாம். விசுவாசத்தை வெளிப்படையாகக் கைவிட்ட ஒருவரின் திருமணத்துக்கும் ஆயரிடம் அனுமதி வாங்கலாம் என்று சட்டம் 1071இல் இடம் இருக்கிறது. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியவர் கத்தோலிக்கத் தரப்பு மட்டும்தான், அப்படி ஒரு வாக்கு கொடுக்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரிவிப்பார்கள். கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கும் முன்னால், இருவரும் உட்கார்ந்து பிள்ளை விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். பிறந்த பிறகு பேசலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் மாமியார் வீட்டில் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்காமல் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது முறையாகாது என்று அவர்கள் சட்டமே சொல்கிறது, அதைச் சாமியாரிடமே பணிவாகச் சொல்லலாம்.

எட்டாம் படி: கல்லறை

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் உள்ளூர இருக்கும் பயம் இதுதான். விசுவாசத்தைப் பகிரங்கமாகக் கைவிட்டவர், சாகும்முன் மனம் திரும்பியதற்கு அடையாளம் எதுவும் இல்லையென்றால் கோயில் அடக்கச் சடங்கு கிடையாது என்று சட்டம் 1184 சொல்கிறது. நடைமுறையில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் கட்டும் தலைக்கட்டு வரி பாக்கி இருக்கிறதா என்பதைத்தான் ஊர்க் கமிட்டி முதலில் பார்க்கும். நான் வரியைக் கட்டிக்கொண்டு வருகிறேன். அது சாமிக்குக் கட்டுவது இல்லை, மணி, கல்லறை, தெருவிளக்கு, ஊருக்குக் கட்டுவது என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றினால் பொது மயானம் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் உடல்தானப் படிவம் கிடைக்கும். எதுவானாலும் எழுதி வையுங்கள், வீட்டாரிடம் வாயாலும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் முடிவெடுக்கப்போவது அவர்கள்தான்.

அம்மா அப்பாவின் அடக்கம் என்று வந்தால் எந்த யோசனையும் வேண்டாம், அவர்கள் நம்பியபடி, பூசை, பாட்டு, மந்திரிப்பு, ஏழாம் நாள், முப்பதாம் நாள் எல்லாம் குறைவில்லாமல் செய்யுங்கள்.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நான் வருடம் தவறாமல் விடுப்புப் போட்டு ஊருக்குப் போகிறேன். முந்தின நாளே ஆச்சியின் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவேன், சாயங்காலம் பூ, மெழுகுதிரி. சாமியார் மந்திரித்துக்கொண்டு வரும்போது அம்மா செபிப்பாள், நான் பக்கத்தில் நிற்பேன். போன வருடம் எல்லாம் முடிந்து கிளம்பும்போது அம்மா கையில் ஒரு திரி மிச்சம் இருந்தது. சுவருக்கு வெளியே மணல் பக்கம் கையைக் காட்டி, 'பெரியம்மாவுக்கும் ஒண்ணு வச்சுட்டு வா' என்றாள். எந்த இடம் என்று அவளுக்கும் தெரியாது. காற்று வேறு. இரண்டு கையாலும் மணலைக் குவித்து மறைத்து, நான்காவது தீக்குச்சியில் பற்றிற்று.